கால்பந்துச் சந்தா: நெய்வேலி வீட்டுக்கான கணக்கு

பிரீமியர் லீக், சாம்பியன்ஸ் லீக், லா லிகா, ஐஎஸ்எல் ஆகிய நான்கையும் 2025-26 சீசனில் முழுதாகப் பார்க்க நினைத்த ரசிகர் மூன்று நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பிரீமியர் லீக் ஜியோஸ்டாரிடம் இருந்தது, சாம்பியன்ஸ் லீக் சோனியிடம் இருந்தது. லா லிகாவும் ஐஎஸ்எல்லும் ஃபேன்கோடிடம் இருந்தன. இதோடு மாதாமாதம் கேபிள்காரருக்குத் தருவது, மொபைல் ரீசார்ஜ், வைஃபை பில் எல்லாம் தனி. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நிரந்தரத் தொழிலாளி இதைச் சமாளித்துவிடலாம். மந்தாரக்குப்பத்திலோ இந்திரா நகரிலோ வாடகை வீட்டில் இருந்து சுரங்கத்துக்கு வேலைக்குப் போகும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது வீட்டுச் செலவில் துண்டு விழ வைக்கும் தொகை.

இந்த அத்தியாயம் இருவருக்குமானது. இதில் சொல்லப்போவது இரண்டுதான்: சேனலுக்கோ செயலிக்கோ பணம் கட்டாதீர்கள். நீங்கள் பார்க்கப்போகும் தொடருக்கு, அது நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கட்டுங்கள். மிச்சமாவதில் ஒரு பங்கை, எந்த கேமராவும் எட்டிப் பார்க்காத பக்கத்து மைதானத்துக் கால்பந்துக்கு எடுத்து வையுங்கள். இரண்டாவது அறிவுரை உபசாரத்துக்காகச் சொன்னதல்ல. அதற்கான காரணம் கீழே வருகிறது.

1. பணம் எங்கிருந்து எங்கே போகிறது

1986 உலகக் கோப்பையை இந்தியா தூர்தர்ஷனில் நேரலையாகப் பார்த்தது. மாரடோனாவின் பெயர் நம் தெருக்கள்வரை வந்து சேர்ந்தது அப்போதுதான். அந்த ஆட்டங்களுக்கு எந்த வீடும் தனியாகப் பணம் தரவில்லை.

1992-ல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் பிறந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. ஐந்து ஆண்டு ஒளிபரப்புக்கு அங்கே பேசப்பட்ட தொகை 30.4 கோடி பவுண்டு. 2025 முதல் 2029 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு, பிரிட்டனுக்குள் மட்டும், அதே லீக் பெறுவது 670 கோடி பவுண்டு. ஒளிபரப்பாளர் இந்தத் தொகையை முதலில் லீக்குக்குத் தருகிறார், பிறகு விளம்பரத்திலும் சந்தாவிலும் திரும்ப எடுக்கிறார். விளம்பரம் குறைந்தால் சந்தா ஏறும். உங்கள் பில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அடிப்படை இதுதான்.

ஒளிபரப்பு உரிமை என்பது சொத்து விற்பனை அல்ல, குத்தகை. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். குத்தகை முடிந்ததும் ஏலம் நடக்கும், வேறொருவர் எடுப்பார், நீங்கள் வேறொரு செயலியை இறக்க வேண்டியிருக்கும். லா லிகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் மூன்று சீசன் இந்தியாவில் ஃபேஸ்புக்கில் இலவசம். பிறகு வயாகாம்18 கைக்குப் போனது. இப்போது ஃபேன்கோடில் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு விசுவாசமாக ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டுவதால் ரசிகருக்கு ஆகப்போவது எதுவுமில்லை.

2. ஐஎஸ்எல் சொல்லித்தரும் பாடம்

உரிமை வணிகம் ஆட்டம் கண்டால் என்ன ஆகும் என்பதை நாமே கண்ணால் பார்த்துவிட்டோம். 2010 டிசம்பர் 9 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தொகை 700 கோடி ரூபாய். அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியது. நம் சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18-லும் கோப்பையை வென்றது.

ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்கும் பேச்சு நகரவில்லை. அதே ஆண்டு ஜூலை 11 அன்று லீக்கை நடத்திய நிறுவனம் அடுத்த சீசனை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்தியது. அக்டோபரில் கூட்டமைப்பு 15 ஆண்டு வணிக உரிமைக்கு டெண்டர் விட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் உறுதி கேட்டது. நவம்பர் 7-ம் தேதி கெடு முடிந்தபோது ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14-ல் 14 அணிகளோடு லீக் தொடங்கும் என்று அறிவித்தார். 2024-25-ல் 13 அணிகள் ஒன்றையொன்று இருமுறை சந்தித்ததால் லீக் சுற்றில் மட்டும் 156 ஆட்டங்கள் இருந்தன. சுருக்கப்பட்ட இந்த சீசனில் ஓர் அணி மற்றோர் அணியை ஒருமுறை மட்டுமே சந்திக்கும்படி வகுக்கப்பட்டதால் மொத்தம் 91 ஆட்டங்கள்.

இதிலிருந்து ரசிகர் கற்க வேண்டியது நேரடியானது. 2025 கோடையில் “ஐஎஸ்எல் வருமே” என்று ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டியவர், பாதி ஆண்டுக்கு மேல் ஐஎஸ்எல் இல்லாமல் இருந்தார். பிறகு லீக் வேறு செயலியில் வந்தது. அட்டவணையும் ஒளிபரப்பாளர் பெயரும் அறிவிக்கப்படாத தொடருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

இதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கையும் நமக்குக் கிடைத்தது. 2018-19-ல் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீகில் நடு சீசனுக்குப் பிறகு எல்லா ஆட்டங்களையும் ஒளிபரப்புவதை நிறுத்தி, தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் காட்டினார்கள். அதே சீசனில்தான், கோவை நேரு மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சாம்பியன் ஆனது. 2021-22 ஐ-லீகில் அந்த அணி இல்லை. தமிழ்நாட்டு அணி ஒன்று நாட்டின் லீக்கை வெல்லும் வேளையில் அதன் ஆட்டங்கள் ரசிகரின் திரையை எட்டவில்லை என்றால், அந்த அணியை அடுத்த தலைமுறை எப்படி அறியும்?

3. வீட்டுக்கணக்கு: ஐந்து படிகள்

ஒரு தாளும் பேனாவும் போதும். வீட்டில் கால்பந்து பார்ப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

படி 1: பார்த்ததை எழுதுங்கள், ஆசையை அல்ல. கடந்த மூன்று மாதத்தில் முழுதாகப் பார்த்த ஆட்டங்கள் எத்தனை? கோல்களின் தொகுப்பை மட்டும் பார்த்தவை எத்தனை? தொகுப்பு மட்டும் போதும் என்பவருக்குச் சந்தாவே தேவையில்லை. லீக்குகளும் கிளப்புகளும் தங்கள் யூடியூப் பக்கங்களில் அவற்றை இலவசமாகவே போடுகின்றன.

படி 2: ஷிஃப்டோடு பொருத்துங்கள். நெய்வேலியில் இதைத் தவிர்க்கவே முடியாது. இந்திய நேரப்படி முக்கியமான ஆட்ட நேரங்கள் இவை:

- பிரீமியர் லீக், சனிக்கிழமை முதல் ஆட்டம்: கோடையில் மாலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி.
- பிரீமியர் லீக், சனிக்கிழமையின் வழக்கமான நேரம்: இரவு 7.30 அல்லது 8.30.
- பிரீமியர் லீக், சனிக்கிழமை கடைசி ஆட்டம்: இரவு 10 அல்லது 11.
- சாம்பியன்ஸ் லீக், முதல் தொகுதி: இரவு 10.15 அல்லது 11.15.
- சாம்பியன்ஸ் லீக், பெரும்பாலான ஆட்டங்கள்: நள்ளிரவு 12.30 அல்லது 1.30.

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். அதனால்தான் இரண்டு நேரங்கள். இரவு ஷிஃப்ட் இருக்கும் வாரத்திலும், மறுநாள் காலை ஷிஃப்ட் இருக்கும் நாளிலும் நள்ளிரவு ஆட்டம் உங்களுக்கு இல்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ எந்திரத்தின் பக்கத்தில் நிற்பது ஆபத்து. எந்தக் கோலுக்காகவும் அதைச் செய்ய வேண்டாம். சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி மட்டும் 2026 முதல் ஐரோப்பிய நேரம் மாலை 6 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. நமக்கு அது இரவு 9.30. முதல் ஷிஃப்ட் முடித்தவர் குடும்பத்தோடு பார்க்கலாம்.

படி 3: ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், நீங்கள் உண்மையில் பார்ப்பது 60 ஆட்டம் என்றால், ஓர் ஆட்டத்துக்கு 20 ரூபாய். பார்ப்பது எட்டே ஆட்டம் என்றால் 150 ரூபாய். ஃபேன்கோடு போன்ற செயலிகளில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அல்லது ஒரு தொடருக்கு மட்டும் பாஸ் கிடைக்கும். உங்கள் வகுத்தல் விடை அந்த பாஸின் விலையைத் தாண்டினால் பாஸே சரி.

படி 4: மாதங்களைக் கட்டம் போடுங்கள். ஐரோப்பிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். ஜூனும் ஜூலையும் வெறும் மாதங்கள். சாம்பியன்ஸ் லீகின் நாக் அவுட் ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவருக்குப் பிப்ரவரி நடு முதல் மே இறுதிவரை நான்கு மாதம் போதும். உலகக் கோப்பை சில வாரக் கணக்கு. 2026 தொடரின் 104 ஆட்டங்களும் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 39 நாளில் அடங்கிவிடுகின்றன. அதற்கு ஓராண்டுச் சந்தா தேவையே இல்லை.

படி 5: ஏற்கெனவே வாங்கிவிட்டதைத் தேடுங்கள். மொபைல் ரீசார்ஜிலோ பிராட்பேண்ட் திட்டத்திலோ ஓடிடி சந்தா சேர்ந்தே வந்திருக்கலாம். வீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணின் திட்டத்தையும் செயலியில் திறந்து பாருங்கள். ஒரே வீட்டில் அப்பா எண்ணில் ஒன்று, மகன் எண்ணில் ஒன்று என ஒரே சந்தாவுக்கு இருமுறை பணம் போவது சாதாரணமாக நடக்கிறது. ரீசார்ஜோடு வருவது பெரும்பாலும் மொபைலில் மட்டும் ஓடும் சந்தா, டிவியில் ஓடாது. டேட்டாவையும் கணக்கில் சேருங்கள். உயர்தரப் படத்தில் முழு ஆட்டம் பார்த்தால், நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டம் இரண்டாம் பாதியில் தீர்ந்துவிடலாம். படத்தின் தரத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கேபிள்காரரிடம் என்ன கேட்பது

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் தந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2019 பிப்ரவரி முதல் டிராய் அமைப்பின் புதிய விதிப்படி உங்கள் பில்லுக்கு இரண்டு பகுதிகள்: இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை. இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நெட்வொர்க் கட்டணத்துக்கு முன்பு 130, 160 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆகவே கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம், விசாரித்து ஒப்பிடுங்கள்.

உங்களுக்கு உள்ள முக்கியமான உரிமை: எந்தக் கட்டணச் சேனலையும் தனியாக வாங்கலாம். தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்புக்குள் சேர்க்கவும் கூடாது. தயங்காமல் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, அந்த பேக் வேணாம். எனக்கு இந்த ஒரு ஸ்போர்ட்ஸ் சேனல் மட்டும் தனியா போடுங்க. மாசம் எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொடுங்க.” தமிழ் வர்ணனை வேண்டும் என்றால் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழும் சோனி ஸ்போர்ட்ஸ் டென் 4-ம் உண்டு. ஆனால் உங்கள் ஆட்டம் அந்தச் சேனலில்தான் வருகிறதா என்று அட்டவணையைப் பார்த்த பிறகே சேருங்கள். சேர்த்ததைத் தொடர் முடிந்ததும் நீக்கச் சொல்வதும் உங்கள் வேலைதான். நீங்கள் சொல்லாவிட்டால் அது மாதாமாதம் பில்லில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது டிவிக்குத் தனி பாக்ஸ் வைத்திருந்தால், அதற்கான நெட்வொர்க் கட்டணத்தில் சலுகை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

5. சட்டப்படி இலவசம்

தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுகளின் நேரலை சிக்னலை, உரிமை பெற்றவர் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டம், கால் இறுதிகள், அரை இறுதிகள், இறுதிப்போட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப் பகிரப்படும் சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச் சேவையிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியே அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே கேபிள் பாக்ஸில் தூர்தர்ஷன் சேனலை வைத்துக்கொண்டு காத்திருந்தால் அந்த ஆட்டம் வராது. டிடி ஃப்ரீ டிஷ் ஆன்டெனா இருந்தால் வரும். இதற்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கிப் பொருத்தும் ஒருமுறைச் செலவோடு முடிந்தது.

பொருத்தும்போது நெய்வேலிக்காரர் கவனிக்க வேண்டியவை:

- டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குச் சிக்னல் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், தரையிலிருந்து ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் இருக்கும்.
- டவுன்ஷிப்பில் மரங்கள் அடர்த்தி. தென்கிழக்கில் தலைக்கு மேல் கிளை கவிந்திருந்தால் சிக்னல் வராது. கிளையை வெட்ட நினைக்காதீர்கள், டிஷ்ஷுக்கு வேறு இடம் பாருங்கள்.
- குவார்ட்டர்ஸ் சுவரிலோ மாடியிலோ துளையிடுவதற்கு முன் நகர நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லும்படி பொருத்துங்கள்.
- வடகிழக்குப் பருவமழையில் கனமழை பெய்யும்போது படம் நின்று நின்று வருவது இயல்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

நிறுவனங்களே இலவசமாகத் தரும் காலமும் வரும். 2022 உலகக் கோப்பையை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது, தமிழ் வர்ணனையும் இருந்தது. 2023-ல் ஐபிஎல்லையும் அப்படியே தந்தது. 2025-ல் ஜியோஹாட்ஸ்டார் ஆனபின் ஐபிஎல் சந்தாவுக்குள் போய்விட்டது. இலவசம் கிடைக்கும்போது தாராளமாகப் பாருங்கள். அது நிரந்தரம் என்று நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

திருட்டு ஒளிபரப்பு வேண்டாம். டெலிகிராமில் வரும் இணைப்புகளும், முகம் தெரியாதவர் அனுப்பும் செயலிக் கோப்புகளும் சட்டவிரோதம் என்பதோடு முடிவதில்லை. சம்பளக் கணக்கும் யுபிஐயும் உள்ள அதே போனில்தான் அவற்றை நிறுவுகிறோம். சந்தாவில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக வங்கிக் கணக்கையே பறிகொடுக்க நேரலாம்.

6. தானாகப் பிடிக்கும் பணம்

சந்தா கட்டும்போது பெரும்பாலான செயலிகள் ஆட்டோபே அனுமதி வாங்கிக்கொள்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள். யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியிலேயே அனுமதியை ரத்து செய்யலாம். ஓடிடி செயலிக்குள் போய் அலைய வேண்டியதில்லை.

ரத்து செய்யும் முன் ஒன்றை யோசியுங்கள். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது பிரீமியம் ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய். 2026 ஜனவரி இறுதியில் அது 2,199 ஆனது. ஆனால் தொடர்ந்து புதுப்பித்து வந்த பழைய சந்தாதாரருக்குப் பழைய விலையே நீடித்தது. ஆண்டு முழுவதும் உண்மையாகவே பார்க்கும் வீடு இந்தச் சலுகையை இழக்க வேண்டாம். ஆண்டில் நான்கு மாதம் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு, பழைய விலையானாலும் அது நஷ்டம்தான்.

சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அப்படிச் சிக்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பணம் கட்டிய ரசீதையும், ரத்து செய்ததற்கான திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

7. வட்டத்தோடு சேர்ந்து பார்ப்பது

பெரிய ஆட்டத்தைப் பத்துப் பேர் ஒரு வீட்டில் சேர்ந்து பார்ப்பதுபோல மலிவானதும் இனிமையானதும் வேறில்லை. நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு சந்தா என்று பிரித்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஏற்ப வீடு மாறி உட்காரலாம்.

கூட்டம் பெரிதானால் சட்டம் குறுக்கே வரும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ம் பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவதை உரிமை மீறலாகச் சொல்கிறது. நுழைவுச்சீட்டு, வசூல், கடை விளம்பரத் தட்டி எதுவும் வேண்டாம். செயலிச் சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. மன்றத்திலோ திறந்தவெளியிலோ பெரிய திரை கட்ட நினைத்தால் ஒளிபரப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். உலகக் கோப்பைக்கு ஃபிஃபாவே பொதுத் திரையிடலுக்கான விதிகளை வெளியிடும். டீக்கடை, ஓட்டல் வைத்திருப்பவர்கள் வீட்டு இணைப்பைக் கடைக்கு இழுக்காமல், வணிக இணைப்பு பற்றிக் கேபிள்காரரிடம் பேசுவது நல்லது.

8. அடுத்த சில ஆண்டுகள்

உரிமையை ஏலம் கேட்போர் குறைந்துவிட்டனர். ரிலையன்ஸ், டிஸ்னி இரண்டின் ஊடகத் தொழில்களும் 2024 நவம்பர் 14 அன்று ஜியோஸ்டாராக இணைந்தன. பெரிய விளையாட்டு ஏலங்களில் இப்போது எதிரெதிரே நிற்க முக்கியமாக அதுவும் சோனியும்தான் மிச்சம். 2023-27 ஐபிஎல் உரிமைக்குக் கொட்டப்பட்டது 48,390 கோடி ரூபாய். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும்வரை கால்பந்துக்குக் கை நீளாது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் தடைசெய்யப்பட்டன. சூதில் பணம் இழந்த குடும்பங்களுக்கு அது நல்லதே. ஆனால் விளையாட்டு ஒளிபரப்பில் பெரிய விளம்பரதாரர்களாக இருந்தவர்கள் அந்த நிறுவனங்கள். இவையெல்லாம் சேர்ந்து, ஏலத்தில் உரிமையின் விலை இறங்கக்கூடும். அதனால் உங்கள் சந்தாவும் இறங்கும் என்று எண்ண வேண்டாம். விளம்பரம் விட்ட இடத்தைச் சந்தாதான் நிரப்ப வேண்டியிருக்கும்.

லீக்குகள் சொந்தக் கடை போடும். பிரான்சில் மீடியாப்ரோ நிறுவனம் 2020-ல் பணம் கட்ட முடியாமல் வெளியேறியது. அதன்பின் வந்த டாசோன் ஒப்பந்தமும் 2025-ல் முறிந்தது. கடைசியில் லீக்கே லீக் 1 பிளஸ் என்ற சேவையை மாதம் 14.99 யூரோவுக்குத் தொடங்கியது. ஏலத்தில் ஆள் கிடைக்காத இந்திய லீக்குகளுக்கும் இது ஒரு வழி. அப்படி வந்தால் ரசிகர் கட்டும் பணம் நேராக ஆட்டத்துக்கே போகும்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை:

- 2027 ஜூன்: சோனியின் சாம்பியன்ஸ் லீக் ஒப்பந்தம் முடிகிறது.
- 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை: பிரேசிலில் மகளிர் உலகக் கோப்பை.
- 2028 மே: ஜியோஸ்டாரின் பிரீமியர் லீக் ஒப்பந்தம் முடிகிறது.
- 2028 ஜூன், ஜூலை: யூரோ கோப்பை, உரிமை சோனியிடம்.

ஒப்பந்தம் முடியும் மாதத்தைத் தாண்டி நீளும் சந்தாவை, புதிய உரிமையாளர் யாரென்று தெரியாமல் வாங்காதீர்கள்.

9. மிச்சமான பணத்துக்கு ஒரு வேலை

நம் மாவட்டம் இந்தியக் கால்பந்துக்குத் தந்ததை நாமே சரியாக அறியவில்லை. இந்திய அணிக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதன் பக்கத்துப் பண்ருட்டியில் பிறந்தவர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. மான்செஸ்டர் அணியின் மாற்று ஆட்டக்காரர்வரை பெயர் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்துமதியையும் சந்தியாவையும் தெரியும்? குறை பிள்ளைகளிடம் இல்லை. காட்டப்படாத ஆட்டம் மனதில் பதியாது.

ஒளிபரப்பாளர்கள் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். பெரிய ஐரோப்பிய லீக் உங்கள் ஒரு சந்தாவால் வாழ்வதும் இல்லை, வீழ்வதும் இல்லை. இந்திய மகளிர் லீகின் ஆட்டம் யூடியூபில் இலவசமாக ஓடும்போது கூடுதலாக ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் அது கண்ணில் படும் எண். அங்கேதான் நம் பார்வைக்கு எடை அதிகம்.

ஆகவே வீட்டுக் கணக்கின் கடைசி வரியில் இதையும் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு மாதச் சந்தாவை நிறுத்தி, அந்தத் தொகையில் உங்கள் வட்டத்துப் பிள்ளைகள் ஆடும் அணிக்கு ஒரு பந்தோ ஒரு ஜோடி காலணியோ வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது இந்திய லீக் ஆட்டம் ஒன்றைக் குடும்பத்தோடு தொடக்கம் முதல் முடிவுவரை பாருங்கள். நெய்வேலி பாரதி விளையாட்டரங்கத்திலோ கடலூரிலோ ஆட்டம் என்று கேள்விப்பட்டால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. ஆட்டத்தைச் செல்போனில் பதிவு செய்யத் தெரிந்த இளைஞர் இருந்தால், நடத்துபவர்களிடம் அனுமதி வாங்கி யூடியூபில் ஏற்றச் சொல்லுங்கள். நம் ஊர்க் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமையை வாங்க வரிசையில் யாரும் நிற்கவில்லை. அதை நாமே தொடங்கலாம், இந்த வாரமே தொடங்கலாம்.